மாடித் தோட்டத்து வாடாமல்லி

சேலம் வெயிலைத் திட்டாதவர்கள் குறைவு. பூ உலர்த்துகிறவர்களுக்கோ அது வரம்!

எங்கள் அஸ்தம்பட்டி வீட்டு மாடியில் வாடாமல்லி, காகிதப்பூ, சங்குப்பூ எல்லாம் உண்டு. கைவேலைக்கு எனக்கு முதலில் பிடித்தது வாடாமல்லிதான். அந்த ஊதா நிறம் இதழில் இல்லை. குட்டிப் பூக்களை மூடியிருக்கும் காகிதம் போன்ற செதில்களில் இருக்கிறது. செடியில் இருக்கும்போதே அவை ஈரமில்லாமல் சரசரவென்றுதான் இருக்கும். அதனால் காய்ந்த பிறகும் நிறம் நிற்கிறது. காம்போடு வெட்டி, கொத்தாகக் கட்டி, காற்றோட்டமான நிழலில் தலைகீழாகத் தொங்கவிட்டால் போதும். நேர் வெயில் வேண்டாம், வெளுத்துவிடும்.

சங்குப்பூவைப் பழைய நாளிதழ்களுக்கு நடுவே வைத்து மேலே அம்மிக்குழவி. தாளை அவ்வப்போது மாற்றுங்கள், இல்லையென்றால் பழுப்பாகிவிடும். ஏற்காட்டு அத்தை வீட்டில் இதே வேலை இழுத்துக்கொண்டே போகும். சுமார் 1,500 மீட்டர் உயரம், பனிமூட்டம், ஈரம். அதனால் அத்தை தன் ஹைட்ரேஞ்சியா கொத்துகளை யாராவது கீழே வரும்போது கொடுத்தனுப்பிவிடுவார்.

இப்போது அக்கா மகள் வளைகாப்பு அழைப்பிதழ்களில் இவற்றை ஒட்டிக்கொண்டிருக்கிறேன். பிளாஸ்டிக் பூவுக்கு இந்த அழகு வராது. அப்புறம், வாடாமல்லி விதை வேண்டும் என்கிற சேலத்துக்காரர்கள் சொல்லுங்கள், எடுத்து வைக்கிறேன்.