ஒரு டன் எடைக்குள் ஒரு குடும்பம்

அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தின் இன்டிபென்டன்ஸ் ஊரிலிருந்து மேற்கே ஓரிகனின் வில்லமெட் பள்ளத்தாக்குவரை ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர். 1840களிலும் 1850களிலும் ஓரிகனில் குடியேறப் போனவர்களுக்கு அந்தத் தூரத்தை மாட்டு வண்டியில் கடக்க ஐந்து மாதம் ஆனது, சிலருக்கு ஆறு. அந்தப் பயணத்தில் ஒரு குடும்பம் பிழைக்குமா என்பதில் பாதி, புறப்படும் முன்பே ஒரு கணக்கில் முடிவாகிவிடும். வண்டியில் எவ்வளவு எடை ஏற்றுவது என்ற கணக்கு அது.

சினிமாவில் பார்க்கும் பிரம்மாண்டமான கனஸ்டோகா வண்டியை இங்கே நினைக்க வேண்டாம். அது கிழக்குப் பகுதியின் சரக்கு வண்டி. அதை மலை தாண்டி இழுத்துப் போக எந்த மாட்டாலும் ஆகாது. குடும்பங்கள் கொண்டுபோனது சாதாரணப் பண்ணை வண்டி. 4 அடி அகலம், 10 முதல் 12 அடி நீளத்தில் ஒரு மரத்தொட்டி, பக்கப் பலகை 2 அல்லது 3 அடி உயரம். மேலே வளைத்த ஹிக்கரி மரக் கம்புகள், அவற்றின்மேல் ஆளிவிதை எண்ணெய் தடவிய கித்தான். வெறும் வண்டியே 600 கிலோவை நெருங்கும். அதில் 900 முதல் 1,100 கிலோவரை ஏற்றலாம், அதற்கு மேல் போனால் மாடு படுத்துவிடும். ஸ்பிரிங் கிடையாது. கல்லில் ஏறி இறங்கும் ஒவ்வொரு அடியும் முதுகெலும்பில் இடிக்கும். அதனால் கைக்குழந்தை, நோயாளி, நிறைமாதப் பெண் தவிர எல்லோரும் வண்டிக்குப் பக்கத்தில் நடந்தார்கள்.

எடையில் பெரும்பங்கு சாப்பாடு. 1845-இல் லான்ஸ்ஃபோர்டு ஹேஸ்டிங்ஸ் எழுதிய வழிகாட்டி ஒரு பெரிய ஆளுக்கு 200 பவுண்டு மாவு, 150 பவுண்டு பேக்கன் என்ற உப்புப் பன்றிக்கறி, 20 பவுண்டு சர்க்கரை, 10 பவுண்டு காப்பி, 10 பவுண்டு உப்பு என்று சொன்னது. மொத்தம் 177 கிலோ. இரண்டு பெரியவர்கள், நான்கு பிள்ளைகள் உள்ள வீட்டில் பிள்ளைக்குப் பாதி என்று வைத்தாலும் 700 கிலோ வந்துவிடுகிறது. மிச்சமிருக்கும் சில நூறு கிலோவுக்குள் படுக்கை, பாத்திரம், கோடரி, கலப்பைக் கொழு, துப்பாக்கி, விதை, உதிரி அச்சு எல்லாம் அடங்க வேண்டும். பாட்டி கொடுத்த அலமாரிக்கு அதில் இடமில்லை. ஆனாலும் பலர் ஏற்றினார்கள். ஆயிரம் கிலோமீட்டர் போனதும் லாரமி கோட்டைக்கு அருகில் இறக்கிப் போட்டார்கள். 1849-இல் அந்த வழியில் இரும்பு அடுப்பும் பெட்டிகளும் மாவு மூட்டைகளும் குவிந்து கிடந்தன. மாட்டின் உயிரைக் காப்பாற்றச் சாப்பாட்டையே தூக்கி எறியும் நிலை வந்த பிறகு இறக்கியவை அவை. அலமாரியை வீட்டிலேயே விட்டிருந்தால் மாவு மிஞ்சியிருக்கும்.

கட்டி வைப்பதிலும் பக்குவம் உண்டு. கோடை வெயிலில் பன்றிக்கறியின் கொழுப்பு உருகி வடிந்துவிடும். அதனால் பீப்பாயில் தவிடு கொட்டி, அதற்குள் புதைத்தார்கள். முட்டையைச் சோள மாவுக்குள் புதைத்தார்கள். மாவு குறையக் குறைய முட்டையும் வெளியே வரும். மாவை 100 பவுண்டு கொள்ளும் இரட்டைக் கித்தான் பைகளில் தைத்தார்கள். வெண்ணெயை நன்றாகக் காய்ச்சி, மேலே வரும் நுரையை எடுத்து, எண்ணெய் போலத் தெளிந்ததும் தகர டப்பாவில் ஊற்றி ஈயத்தால் பற்றவைத்து மூடுங்கள் என்று 1859-இல் ராண்டால்ஃப் மார்சி என்ற ராணுவ அதிகாரி பயணிகளுக்கு எழுதினார். நம் வீட்டில் நெய் உருக்குகிறோமே, அதேதான். கூடவே கறவை மாடு வைத்திருந்தவர்கள் காலைப் பாலை மூடிய வாளியில் ஊற்றி வண்டியில் தொங்கவிட்டார்கள். வண்டி குலுங்கிய குலுக்கலில் சாயங்காலம் வெண்ணெய் திரண்டிருக்கும்.

சேலத்திலிருந்து (இது அயோவா மாநிலத்துச் சேலம்) 1847-இல் கிளம்பிய ஹெண்டர்சன் லுவெலிங் இந்த எடைக் கணக்கையெல்லாம் மீறினார். வண்டித் தொட்டிக்குள் கச்சிதமாகப் பொருந்தும்படி ஓர் அடி ஆழத்தில் பெட்டிகள் செய்து, மண்ணும் கரித்தூளும் நிரப்பி, சுமார் 700 பழமரக் கன்றுகளை நட்டு ஏற்றினார். 20 அங்குலம் முதல் 4 அடிவரை உயரமான கன்றுகள். ஈர மண்ணைவிடக் கனமான சரக்கை யாரும் தேர்ந்தெடுக்க மாட்டார்கள். மாடு செத்துவிடும், விட்டுவிடு என்று கூட வந்தவர்கள் எவ்வளவோ சொன்னார்கள். அவர் விடவில்லை. அந்தக் கன்றுகளுக்குக் கடைசியில் வருகிறேன்.

இழுப்பதற்கு எருதுதான் சரி. கோவேறு கழுதை வேகமாகப் போகும், ஆனால் விலை அதிகம், தானியமும் கேட்கும். எருது மணிக்கு 3 கிலோமீட்டர் நடந்தாலும் வழியில் கிடைக்கும் புல்லைத் தின்று வேலை செய்யும். இரண்டு அல்லது மூன்று ஜோடி பூட்டினால் ஒரு நாளைக்கு 24 கிலோமீட்டர். பயணத்தின் தேதியைக் குறித்ததும் இந்தப் புல்தான். ஏப்ரல் பாதிக்கு முன் கிளம்பினால் சமவெளியில் புல் முளைத்திருக்காது. மே கடந்தால் முன்னே போன மந்தைகள் மேய்ந்து தீர்த்திருக்கும், மலையில் பனியும் பிடித்துக்கொள்ளும். ஜூலை 4-க்குள் வயோமிங்கில் உள்ள இன்டிபென்டன்ஸ் பாறையைத் தொட்டுவிட வேண்டும் என்று கணக்கு வைத்தார்கள்.

மாட்டுக்கு முதலில் போவது குளம்பு. பிளந்த குளம்பு என்பதால் ஒரு காலுக்கு இரண்டு துண்டு லாடம். குதிரையைப் போல எருது மூன்று காலில் நின்று காலைக் கொடுக்காது. நம் ஊரில் கயிறு போட்டுச் சாய்த்துக் காலைக் கட்டி லாடம் அடிப்பது இதனால்தான். அங்கே தரையில் பள்ளம் தோண்டி, மாட்டை அதில் மல்லாத்தி அடித்தார்கள். லாடம் தீர்ந்தால் காட்டெருமைத் தோலில் உறை தைத்துக் குளம்பில் கட்டினார்கள். அடுத்த ஆபத்து, பிளாட் ஆற்றை விட்டு ஸ்வீட்வாட்டர் ஆற்றுக்குப் போகும் வழியில் உவர் மண்ணின் காரம் ஏறித் தேங்கி நிற்கும் தண்ணீர். தாகத்தில் அதைக் குடித்த மாடு அன்றைக்கே விழலாம். பன்றிக் கொழுப்பைத் தொண்டைக்குள் திணித்து வினிகர் ஊற்றுவதுதான் அவர்களுக்குத் தெரிந்த வைத்தியம்.

சக்கரத்தின் தொல்லை வேறு மாதிரி. ஈரப்பதமான மிசூரியில் செய்த சக்கரம், வறண்ட மேட்டுநிலக் காற்றில் நீர் வற்றிச் சுருங்கும். அதைச் சுற்றிய இரும்புப் பட்டை சுருங்காது. ஆரக்கால் ஆட ஆரம்பிக்கும், வட்டை என்ற மர விளிம்பு விலகும், ஒரு நாள் பட்டை தனியாகக் கழன்று உருண்டு போகும். இரவு தங்கும்போது சக்கரத்தைக் கழற்றி ஓடையில் ஊறப் போட்டால் மரம் உப்பி இறுகும்; மறுநாள் வெயில்வரை தாங்கும். ஓடை இல்லாத இடத்தில் வட்டைக்கும் பட்டைக்கும் நடுவே ஆப்பு அடித்தார்கள். அதற்கும் அடங்காவிட்டால் வட்டையைச் சுற்றி மெல்லிய மரச் சீவலை ஆணியடித்து, இரும்பை நெருப்பில் பழுக்கக் காய்ச்சி மறுபடி மாட்ட வேண்டும். பின் அச்சில் தொங்கும் வாளியில் தாரும் கொழுப்பும் கலந்த வண்டி மை இருக்கும். அதைத் தடவ மறந்தால் அச்சு தேய்ந்து முறியும். மரமே இல்லாத சமவெளியில் அச்சு முறிந்தவர்கள் வண்டியை அறுத்து இரண்டு சக்கர வண்டியாக்கிக்கொண்டு, பாதிச் சாமானோடு மேலே போனார்கள்.

ஓடும் வண்டியின் ஏர்க்காலில் ஏறி விளையாடிய பிள்ளைகள் பலர் தவறி விழுந்து இந்தச் சக்கரத்தில் சிக்கினார்கள். நாட்குறிப்புகளில் திரும்பத் திரும்ப வருகிற சாவு இது. எருது உடனே நிற்காது. ஒன்றரை டன் எடை ஏறி இறங்கிவிடும். குண்டு நிரப்பியபடி வண்டிக்குள் வைத்த துப்பாக்கி குலுக்கலில் வெடித்ததும் பலரைக் கொன்றது. இரவில் வண்டிகளை வட்டமாக நிறுத்தியதுகூட, சண்டைக்காக என்பதைவிட மாடுகளை உள்ளே அடைத்து வைக்கத்தான்.

எல்லாவற்றையும்விட அதிகம் பேரைக் கொன்றது காலரா. 1849 முதல் 1852 வரை அது உச்சத்தில் இருந்தது. நியூ ஆர்லியன்ஸிலிருந்து நீராவிப் படகில் ஆறு வழியாக மேலேறி, பயணிகள் கூடும் துறைகளுக்கு வந்து, அங்கிருந்து வண்டிகளோடு பிளாட் பள்ளத்தாக்கில் நுழைந்தது. பிளாட் ஆற்று நீர் முழுக்கச் சேறு. அதனால் கரையோர மணலில் நாலைந்து அடி ஊற்றுத் தோண்டி, அதில் ஊறிய தெளிந்த நீரைக் குடித்தார்கள். ஆயிரக்கணக்கானோர் தங்கிப் போன அதே கரையில் மலமும் இருந்தது. மணல் வழியாக அது ஊற்றுக்குள் கசிந்தது. காலையில் நன்றாக இருந்தவர் மாலைக்குள் நீர் வற்றிச் செத்தார். கையில் இருந்த மருந்து அபின் கலந்த லாடனம். உப்பும் சர்க்கரையும் கலந்த நீர் கொடுத்தால் பலர் பிழைப்பார்கள் என்பது அப்போது யாருக்கும் தெரியாது. அந்த உப்பும் சர்க்கரையும் வண்டிக்குள்தான் இருந்தன. காப்பிக்காக நீரைக் கொதிக்க வைத்தவர்கள் காரணம் தெரியாமலே கொஞ்சம் தப்பினார்கள். ஓநாய் தோண்டாமல் இருக்கப் பிணத்தைப் பாதையிலேயே புதைத்து, அதன்மேல் வண்டிகளை ஓட்டித் தடம் அழித்தார்கள். தாய்க்குப் பிள்ளையின் புதைகுழி எதுவென்று திரும்பிப் பார்த்து அடையாளம் சொல்ல முடியாது.

இந்தக் காலரா பழங்குடிகளிடமும் பரவியது. 1849-இல் ஷயான் மக்கள் கூட்டம் கூட்டமாக இறந்தார்கள். வண்டிகளைப் பழங்குடிகள் ஓயாமல் தாக்கினார்கள் என்ற சித்திரம் தவறு. 1840 முதல் 1860 வரை அவர்கள் கையில் இறந்த பயணிகள் 362 பேர் என்றும், பயணிகள் கொன்ற பழங்குடிகள் 426 பேர் என்றும் வரலாற்றாய்வாளர் ஜான் அன்ரூ எண்ணிக் காட்டினார். ஆறு கடக்க உதவியதும், சால்மன் மீன் விற்றதும், வழி காட்டியதும் பல இடங்களில் அவர்களே.

குறுக்குவழி ஆசையும் கொன்றது. உணவுப் பட்டியல் எழுதிய அதே ஹேஸ்டிங்ஸ், உப்பு ஏரிக்குத் தெற்கே போனால் கலிபோர்னியாவுக்குத் தூரம் குறையும் என்றும் எழுதினார். எழுதியபோது அவர் அந்த வழியில் வண்டி ஓட்டிப் பார்த்ததில்லை. 1846-இல் அதை நம்பிய டோனர் குழுவினர் மலைக்காட்டை வெட்டி வழி செய்வதிலும் உப்புப் பாலையில் மாடுகளைப் பறிகொடுத்ததிலும் வாரக்கணக்கை இழந்தார்கள். அக்டோபர் கடைசியில் சியெரா நெவாடா மலைக் கணவாயைப் பனி மூடியது. 87 பேரில் பாதிக்கு நெருக்கமானவர்கள் இறந்தார்கள்.

ஓரிகன் போனவர்களுக்குக் கடைசிப் பகுதிதான் கொடுமை. மாடு எலும்பும் தோலுமாக இருக்கும்போதுதான் ஹூட் மலை எதிரே வரும். 1846-க்கு முன் தெ டால்ஸ் என்ற ஆற்றங்கரை இடத்தில் வண்டியைத் தெப்பத்தில் ஏற்றிக் கொலம்பியா ஆற்றில் இறங்க வேண்டும். அதன்பின் மலையைச் சுற்றிப் போகும் பார்லோ பாதை வந்தது; வண்டிக்கு 5 டாலர் சுங்கம். அந்தப் பாதையின் லாரல் ஹில் சரிவில் மரத்தைச் சுற்றிக் கயிறு போட்டு, வண்டியை அங்குலம் அங்குலமாக இறக்கினார்கள்.

இறங்கிய நேரம் அக்டோபர், நவம்பர். வில்லமெட்டில் அது மழைக்காலத்தின் தொடக்கம். வீடு கிடையாது, மாவு தீர்ந்துவிட்டது, செருப்பு தேய்ந்துவிட்டது. மரக்கட்டை வீடு எழும்பும்வரை வண்டிக் கித்தான்தான் கூரை. கண்ணாடி இல்லாத சன்னலுக்கு எண்ணெய்க் காகிதம் ஒட்டினார்கள். முதல் குளிர்காலத்தில் பல வீடுகளில் மூன்று வேளையும் வேகவைத்த கோதுமைதான். வான்கூவர் கோட்டையில் ஹட்சன்ஸ் பே என்ற பிரிட்டிஷ் வணிகக் கம்பெனியின் தலைவராக இருந்த ஜான் மெக்லாஃப்லின், விதையும் உணவும் கடனாகக் கொடுத்திராவிட்டால் 1843-இல் வந்த ஏறத்தாழ ஆயிரம் பேரில் பலர் பட்டினி கிடந்திருப்பார்கள். அறுவடையானதும் கோதுமையாகவே கடன் அடைத்தார்கள். நாணயம் அவ்வளவு அரிது. 1845-இல் கோதுமையே சட்டப்படியான பணமாயிற்று.

நிலம் மட்டும் தாராளமாகக் கிடைத்தது. 1850-இன் சட்டம் தனி ஆணுக்கு 320 ஏக்கர், மணமானால் மனைவியின் பெயரில் இன்னொரு 320 ஏக்கர் என்றது. நான்கு ஆண்டு குடியிருந்து பயிர் செய்ய வேண்டும். கறுப்பினத்தவருக்கு அதில் பங்கில்லை. 1844-இல் தன் குடும்பத்தோடு இதே பாதையில் வந்த கறுப்பினத்தவரான ஜார்ஜ் வாஷிங்டன் புஷ், கறுப்பினத்தவர் குடியிருக்கக் கூடாது என்ற ஓரிகன் சட்டத்தால் கொலம்பியா ஆற்றுக்கு வடக்கே போய்க் குடியேறினார். பள்ளத்தாக்கு காலியாக இருந்ததற்கும் காரணம் உண்டு. 1830களின் தொடக்கத்தில் மலேரியா அங்கிருந்த கலப்பூயா மக்களில் பெரும்பகுதியைக் கொன்றிருந்தது. எஞ்சியவர்களோடு 1855-இல்தான் ஒப்பந்தம் ஆனது. அதற்குள் நிலத்தை அரசு பங்குபோட்டுக் கொடுத்துவிட்டது. இதை அநியாயம் என்றுதான் சொல்ல வேண்டும்.

லுவெலிங்கின் கன்றுகள் வழியெல்லாம் தினமும் தண்ணீர் குடித்தன. பல நாட்கள் அந்தத் தண்ணீரைத் தூரத்திலிருந்து சுமந்து வர வேண்டியிருந்தது. தெ டால்ஸில் கன்றுகளைப் பெட்டியிலிருந்து எடுத்துத் துணியில் சுற்றிப் படகேற்றினார். 700-இல் ஏறத்தாழ பாதி உயிரோடு வந்து சேர்ந்தன. போர்ட்லண்டுக்குத் தெற்கே மில்வாக்கியில் ஃபிர் மரக்காட்டை வெட்டி அவற்றை நட்டார். ஓரிகனின் ஒட்டுரக ஆப்பிள், பேரி, செர்ரித் தோட்டங்கள் அங்கிருந்துதான் பரவின. பின்னால் அதே நாற்றங்காலில் அவருடைய தம்பி சேத் ஒரு கறுஞ்சிவப்புச் செர்ரியை உருவாக்கி, தோட்டத்தில் வேலை பார்த்த சீனத் தொழிலாளி ஆ பிங்கின் பெயரை வைத்தார். கடையில் இன்றும் அது பிங் செர்ரிதான்.