பிட் நோட்டீஸில் இடம்பெறாத வசனம்

குமரி மாவட்டத்தில், கேரள எல்லையை ஒட்டிய களியக்காவிளைப் பக்கம் அச்சகம் வைத்திருப்பவர்களுக்குக் கிறிஸ்தவச் சபைகள்தான் சோறு போடுகின்றன. கல்யாணப் பத்திரிகை வரும், கடைத் திறப்பு வரும், தேர்தல் நேரத்தில் கொஞ்சம் துட்டு புரளும். ஆனால் வருஷம் முழுக்க மிஷினை ஓடவைப்பது கன்வென்ஷன் நோட்டீஸும் திருவிழா நோட்டீஸும் அறுப்பின் பண்டிகை அழைப்பும் மரண அறிவிப்பும்தான். எங்கள் அச்சகத்தில் நான் டிடிபி பார்க்கிறேன். ப்ரூஃப் திருத்துவதும் நானே.

சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) போதகர் வந்தால் "ஐயரே", லத்தீன் கத்தோலிக்கர் என்றால் "ஃபாதர்", சிரியன் மரபைச் சேர்ந்த மலங்கரைக் கத்தோலிக்கர் என்றால் "அச்சன்", பெந்தெகொஸ்தே என்றால் "பாஸ்டர்", இரட்சணிய சேனைக்காரர் என்றால் "மேஜர்" அல்லது "கேப்டன்". வேலைக்குச் சேர்ந்தவுடன் முதலாளி சொல்லிக்கொடுத்த முதல் பாடம் இது. அடுத்த பாடம், ஒருவருடைய வார்த்தையை இன்னொருவர் நோட்டீஸில் அடிக்கக் கூடாது என்பது. கத்தோலிக்கருக்கு மீட்பு, அருள், நம்பிக்கை, நற்செயல். மற்றவர்களுக்கு இரட்சிப்பு, கிருபை, விசுவாசம், கிரியை. மாற்றி அடித்தால் ப்ரூஃப் சிவப்பு மையோடு திரும்பி வரும். நான் சி.எஸ்.ஐ. வீட்டுப் பிள்ளை, எனக்கு முதலில் வாயில் வருவது இரண்டாவது வரிசைதான்.

பாறசாலை, தனுவச்சபுரம் பக்கத்திலிருந்து வருபவர்களுக்கு இன்னொரு சிக்கல். 1956 நவம்பர் 1இல் விளவங்கோடு தமிழ்நாட்டோடு சேர்ந்தது, நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றுவிட்டது. அங்குள்ள தமிழ் வீடுகளில் பாட்டி தமிழ் பைபிள் வாசிப்பார், பேரனுக்கு மலையாளம்தான் வாசிக்கத் தெரியும். ஆகவே நோட்டீஸில் ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் மலையாளம். ஒரே வசனத்தை இரண்டு எழுத்திலும் சரிபார்த்துச் சரிபார்த்து, ஞாயிறு பள்ளியில் படிக்காததை எல்லாம் இங்கேதான் படித்தேன்.

மரண அறிவிப்பு அவசர வேலை. காலையில் கொடுத்தால் மதியத்துக்குள் முச்சந்தியில் ஒட்டியாக வேண்டும். சி.எஸ்.ஐ. அறிவிப்பு அடக்க ஆராதனையின் நேரத்தோடு முடிந்துவிடும். கத்தோலிக்க வீட்டில் அதற்கப்புறமும் வேலை இருக்கிறது: 30ஆம் நாள் நினைவுத் திருப்பலி, மலங்கரை என்றால் 41ஆம் நாள், ஆன்மா இளைப்பாற செபம். இறந்தவருக்காக இருப்பவர்கள் செபிக்கலாம், அது அவருக்கு உதவும் என்பது கத்தோலிக்கப் போதனை. சீர்திருத்தச் சபைகள் அதை ஏற்பதில்லை.

ஒருமுறை ஒரே அப்பாவின் அறிவிப்புக்கு இரண்டு மகன்கள் வந்தார்கள். மூத்தவர் பங்குக் கோயிலில் இருப்பவர், இளையவர் பெந்தெகொஸ்தே சபைக்குப் போனவர். "அப்பா ஆண்டவரை ஏத்துக்கிட்டுதான் போனார். இனி எதுக்கு செபம்?" என்றார் தம்பி. "எனக்க அப்பாவுக்கு செபம் சொல்ல ஒனக்க பாஸ்டர்கிட்ட கேக்கணுமாலே?" என்றார் அண்ணன். நான் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டேன். கடைசியில் ஒரே போட்டோ போட்டு இரண்டு அறிவிப்பு அடித்தோம். முதலாளிக்கு இரண்டு பிளேட் காசு.

வெளியிலிருந்து பார்த்தால் இது மனிதன் இரட்சிக்கப்படுவது விசுவாசத்தாலா கிரியையாலா என்ற பழைய சண்டைதான். பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட எனக்கு அப்படித் தோன்றவில்லை. செபம் செய்தால், சிலுவையில் கிறிஸ்து செய்தது போதவில்லை என்று சொல்வதாகிவிடுமோ என்று தம்பிக்குப் பயம். செபத்தை நிறுத்தினால் அப்பாவைப் பாதி வழியில் விட்டதாகிவிடுமோ என்று அண்ணனுக்குப் பயம். நல்ல காரியம் செய்து அப்பா மோட்சத்தைச் சம்பாதித்தார் என்று இரண்டு பேருமே சொல்லவில்லை.

அந்தச் சம்பாத்தியக் கணக்கு வேறு இடத்தில் வரும். திருவிழா நோட்டீஸின் பின்பக்கத்தில், சபைக் கட்டட நிதி மலரில், அறுப்பின் பண்டிகை ஏலப் பட்டியலில். யார் எவ்வளவு கொடுத்தார் என்பது அச்சில் வர வேண்டும், எந்த வரிசையில் வருகிறது என்பதும் முக்கியம். "எனக்க பேருக்கு எழுத்து சின்னதாப் போச்சே" என்று மலரைக் கையில் பிடித்துக்கொண்டு கடைக்கே வந்தவர்கள் உண்டு. பெயர் வெளியிட விரும்பாத குடும்பம் என்று போடச் சொல்பவர்களும் உண்டு, அது எந்தக் குடும்பம் என்று ஊருக்கே தெரிந்திருக்கும். லூக்கா 18ஆம் அதிகாரத்துப் பரிசேயனின் ஜெபமும் எனக்கு இந்தப் பட்டியல் மாதிரிதான் தெரிகிறது: வாரத்தில் இரண்டு தரம் உபவாசம், சம்பாத்தியத்திலெல்லாம் தசமபாகம். ஒரு சபை இப்படி ஒரு மலரை அடித்து வாங்கிக்கொண்டு பாக்கிப் பணத்துக்கு எங்களை நடையாய் நடக்கவிட்டது. "இரட்சிப்புதான் இலவசம், அச்சுக்கூலி இல்லை" என்று முதலாளி புலம்பிக்கொண்டே இருந்தார்.

சரி, கிரியையைச் சொல்லிக்காட்டுகிறவர்கள் இப்படி என்றால், விசுவாசத்தைச் சொல்கிறவர்கள் தப்பித்தார்களா? சாட்சிப் புத்தகங்கள் எங்களிடம் நிறைய வரும். எந்தத் தேதியில், எந்தக் கூட்டத்தில், எத்தனை மணிக்கு இரட்சிக்கப்பட்டேன் என்று எழுதியிருப்பார்கள். உண்மையாகவே குடியை விட்டவர்கள், வீட்டுக்குத் திரும்பியவர்கள் கதை அதில் இருக்கும். அடிக்கும்போதே கண் கலங்கியிருக்கிறேன். ஆனால் சிலவற்றில் மூன்றாவது பக்கத்துக்குள்ளேயே ஒரு தோரணை வந்துவிடும்: நான் விசுவாசித்தேன், என் வீட்டார் விசுவாசிக்கவில்லை, ஆகவே நான் உள்ளே, அவர்கள் வெளியே. விசுவாசத்தையும் தான் செய்த ஒரு பெரிய காரியமாக ஆக்கிக்கொள்ளலாம் என்பது அந்தப் பக்கங்களைத் திருத்தும்போதுதான் புரிந்தது. அப்போஸ்தலன் பவுல் எதைத் தடுக்கப் பார்த்தாரோ அது பின்வாசல் வழியாக வந்து நிற்கிறது.

வசன எண்ணைச் சரிபார்ப்பது என் வேலை. பவுலின் நிருபத்திலிருந்து எபேசியர் 2:8-9 எத்தனை நோட்டீஸில் வந்திருக்கும் என்று சொல்ல முடியாது. "கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள், இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு, ஒருவரும் பெருமைபாராட்டாதபடிக்கு இது கிரியைகளினால் உண்டானதல்ல." கிரியை ஏன் கணக்கில் வராது என்பதற்கு வசனமே காரணம் சொல்லிவிடுகிறது: ஒருவரும் பெருமைபாராட்டக் கூடாது. கத்தோலிக்க மறைக்கல்விக் கையேட்டில் அதற்குப் பதிலாக யாக்கோபு 2:24 நிற்கும்: மனிதன் விசுவாசத்தினால் மாத்திரமல்ல, கிரியைகளினாலேயும் நீதிமானாக்கப்படுகிறான். இரண்டும் நேருக்கு நேர் மோதுவது போலத்தான் இருக்கிறது. சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூத்தருக்கே அப்படித்தான் பட்டது, யாக்கோபின் நிருபத்தை 1522இல் வைக்கோல் நிருபம் என்று எழுதினார்.

முழு அதிகாரத்தையும் வாசித்தால் இரண்டு பேரும் வேறு வேறு ஆட்களைப் பார்த்துப் பேசுவது தெரிகிறது. விருத்தசேதனம் செய்துகொண்டு நியாயப்பிரமாணத்துக்குள் வந்தால்தான் சேர்த்துக்கொள்வோம் என்று யூதரல்லாத புறஜாதியாரை வாசலில் நிறுத்தியவர்களோடு பவுலுக்குச் சண்டை. வஸ்திரமும் ஆகாரமும் இல்லாமல் நிற்கிறவரிடம் "சமாதானத்தோடே போங்கள், குளிர்காய்ந்து பசியாறுங்கள்" என்று சொல்லி அனுப்பிவிடுகிற சபையாரோடு யாக்கோபுக்குச் சண்டை. இரண்டு பேரும் ஆபிரகாமைத்தான் சாட்சிக்குக் கூப்பிடுகிறார்கள். ரோமர் 4இல் பவுல் எடுப்பது ஆதியாகமம் 15, வாக்குத்தத்தத்தை ஆபிரகாம் நம்பியது நீதியாக எண்ணப்பட்ட இடம். மகன் ஈசாக்கு அப்போது பிறக்கவே இல்லை. யாக்கோபு எடுப்பது 22ஆம் அதிகாரம், அந்த ஈசாக்கையே பலிபீடத்தில் கிடத்திய இடம். நம்பிக்கை முன்னே வந்தது, அது எப்படிப்பட்ட நம்பிக்கை என்பது பல வருஷம் கழித்துத் தெரிந்தது. யாக்கோபு பின்னதைக் காட்டினால் பவுல் முன்னதை மறுத்துவிட்டார் என்று ஆகாது.

ஜனவரி 18 முதல் 25 வரை கிறிஸ்தவ ஒன்றிப்பு வாரம் வரும். அதற்கு ஒரு ஃபாதர் கொண்டுவந்த கையேட்டில்தான் 1999 அக்டோபர் 31 பற்றித் தெரிந்துகொண்டேன். அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் நீதிமானாக்கப்படுதல் பற்றி, அதாவது தேவன் மனிதனை நீதிமானாக ஏற்றுக்கொள்வது பற்றி, ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. நம் தகுதியினால் அல்ல, கிருபையினால் மட்டுமே தேவன் நம்மை ஏற்றுக்கொள்கிறார். பரிசுத்த ஆவியைப் பெற்று நற்கிரியைகளுக்கு அழைக்கப்படுகிறோம் என்பது அதன் சாரம். 2006இல் மெதடிஸ்டுகளும் 2017இல் சீர்திருத்தச் சபைகளின் உலக ஐக்கியமும் அதில் சேர்ந்துகொண்டன.

அதைவிட எனக்கு ஆச்சரியம் தந்தது பழைய சங்கதி. 1547இல் கத்தோலிக்கரின் திரெந்து பொதுச்சங்கம் இதைப் பற்றி வெளியிட்ட தீர்ப்புகளில் முதலாவதே, கிறிஸ்துவின் அருளில்லாமல் சொந்தச் செயல்களால் நீதிமானாகலாம் என்று சொல்பவரைச் சபிக்கிறது. விசுவாசம் மட்டும் போதும், மனிதன் ஒத்துழைக்கத் தேவையில்லை என்பவரையும் அதே சங்கம் சபித்தது, அது வேறு. எதிர்ப்பக்கம், லூத்தரன்களின் 1530இன் ஆக்ஸ்பர்க் அறிக்கை, விசுவாசம் நல்ல கனிகளைக் கொடுத்தே ஆக வேண்டும் என்கிறது. நற்கிரியையை நாங்கள் தடுப்பதாகச் சொல்வது பொய் என்றும் மறுக்கிறது. எங்கள் மிஷினில் ஓடும் கைப்பிரதிகள் பாதி நேரம் இல்லாத எதிராளியோடு சண்டை போடுகின்றன.

வித்தியாசமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. நற்செயலுக்குத் தேவன் பலன் தருகிறார் என்பதைப் புண்ணியப் பலன் என்று கத்தோலிக்கர் பேசுவார்கள், எங்கள் ஐயர் அந்தச் சொல்லைக் கேட்டாலே முகம் சுளிப்பார். இரட்சிப்பின் நிச்சயம் பற்றியும் வித்தியாசம் உண்டு. "இன்று இரவு மரித்தால் எங்கே போவீர்கள்?" என்று கேட்கும் கைப்பிரதிக்கு உடனே பதில் வேண்டும். கத்தோலிக்கப் போதனை அந்த அளவு திடமாகச் சொல்லிக்கொள்ள வேண்டாம் என்று எச்சரிக்கும். இரட்சணிய சேனை மேஜர் ஒருவர், தொடர்ந்து கீழ்ப்படிகிற விசுவாசத்தில்தான் இரட்சிப்பில் நிலைத்திருக்க முடியும் என்று தங்கள் கோட்பாடுகளில் இருப்பதைக் காட்டி, தாங்கள் இரண்டுக்கும் நடுவில் என்று சிரித்தார்.

2022 மே 15 அன்று தேவசகாயம் பிள்ளை புனிதராக உயர்த்தப்பட்டபோது எங்களுக்குத் தூங்க நேரமில்லை. அவர் பிறந்த நட்டாலம் எங்களுக்குப் பக்கம்தானே. பத்மநாபபுரம் அரண்மனையில் வேலை பார்த்தவர், 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார், 1752இல் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். சாதி பாராமல் எல்லாரும் சமம் என்று வலியுறுத்தியதைத் திருச்சபை தனியாக நினைவுகூர்கிறது. மலரைத் திருத்திக்கொண்டிருந்தபோது அவர் கதையில் விசுவாசம் எது, கிரியை எது என்று பிரித்துப் பார்க்க முயன்றேன். பிரிக்க வரவில்லை. ஞானஸ்நானம் பெற்றுவிட்டுப் பழையபடி சாதி பார்த்து ஒதுங்கியிருந்தால் அது என்ன விசுவாசம்? தன் பெயரை நோட்டீஸில் பார்க்கவும் அவர் இருக்கவில்லை.

போன சீசனில் ஒரு பாஸ்டர் கன்வென்ஷன் நோட்டீஸ் கொண்டுவந்தார். நல்ல மனிதர், ரோட்டோரம் கிடப்பவர்களுக்கு வாரம்தோறும் பொதிச்சோறு கொடுப்பவர், அதை எந்த நோட்டீஸிலும் போட்டதில்லை. மேலே வழக்கம்போல எபேசியர் 2:8-9. கீழே நாலு வரிக்கு இடம் மிச்சம். "பாஸ்டர், பத்தாம் வசனத்தையும் சேர்த்திரலாமா? நற்கிரியைகளைச் செய்கிறதற்கு நாம் சிருஷ்டிக்கப்பட்டோம்னு வருதே" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். "அது உள்ள வந்தவங்களுக்கு மோளே. நோட்டீஸ் வெளிய நிக்கிறவங்களுக்கு. முதல்லயே வேலையைச் சொன்னா, வேலைக்குக் கூலின்னு நினைச்சிருவாங்க" என்றார்.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் உள்ளே வந்து வருஷக்கணக்கான பிறகும் பலர் ஒன்பதாம் வசனத்திலேயே நிற்கிறார்களே என்றேன். "அது எனக்க பிரசங்கத்துக்க குறை, ஒனக்க நோட்டீஸுக்க குறை இல்ல" என்று சொல்லிவிட்டு, மிச்ச இடத்தில் களியக்காவிளை, குழித்துறை, மார்த்தாண்டம் என்று கூட்டத்துக்கு வேன் புறப்படும் இடங்களைப் போடச் சொன்னார்.