முட்டிப் பாதையில் ஒரு யானைச் சவாரி

சின்னவனுக்குக் காய்ச்சல் கொதித்த ஒரு ராத்திரியில், "வேளாங்கண்ணிக்கு வந்து முட்டி போட்டு நடக்கிறேன் தாயே" என்று சொல்லிவிட்டேன். காய்ச்சல் மறுநாளே இறங்கிவிட்டது. நேர்ச்சைதான் ஒன்றரை வருஷம் இழுத்தது. ஒருதடவை பெரியவளுக்குப் பரீட்சை, ஒருதடவை வீடு முழுக்கக் கண்வலி. இன்னொரு தடவை கிளம்பியே விட்டோம். பாதி வழியில் இரண்டும் போட்டி போட்டு வாந்தி எடுக்க, வண்டியைத் திருப்பிவிட்டோம்.

ஆகஸ்ட் 29 கொடியேற்றத்திலிருந்து செப்டம்பர் 8 மாதா பிறந்தநாள் வரை அங்கே கூடுகிற கூட்டத்தில் இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு நிற்கிற தெம்பு எனக்கு இல்லை. காவி உடுத்தி நாள்கணக்கில் நடந்து வருகிறவர்களைக் கையெடுத்துக் கும்பிடுவேன், அவ்வளவுதான். திருவிழா இல்லாத ஒரு சனிக்கிழமையாகப் பார்த்துப் போனோம்.

பேராலயத்துக்குள் நுழைந்ததும் இவர் பெரியவளுக்குப் பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டார். 1962-ல் பாப்பரசர் 23ஆம் யோவான் இதைப் பேராலயமாக உயர்த்தினார் என்று சொன்னதும், "அப்ப நம்ம அப்பத்தா பொறந்தாச்சா?" என்றாள். நான் பீடத்தில் கையில் குழந்தையோடு சேலை உடுத்தி நிற்கிற மாதாவையே பார்த்தபடி, ஒன்றரை வருஷமாகச் சேர்த்து வைத்த விண்ணப்பங்களை மனசுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் சின்னவன் ஆலயமே கேட்கிற மாதிரிக் கத்தினான்: "அம்மா, அந்தப் பாப்பாவ எப்ப கீழ எறக்கி விடுவாங்க?"

முன்வரிசையில் இருந்த கன்னியர் ஒருவர் தோள் குலுங்கச் சிரித்தார். எனக்கு விண்ணப்பம் மொத்தமும் மறந்துபோனது. அந்தக் கையைத்தான் பார்த்தேன். மூன்று வயதுப் பிள்ளையை அரைமணி நேரம் தூக்கி நின்றதற்கே என் இடுப்பு விட்டுப்போயிருந்தது.

பேராலயத்திலிருந்து மாதா குளம் வரைக்கும் மணல் பாதை. அதில்தான் முட்டி போட்டுப் போகவேண்டும். செபமாலையைக் கையில் எடுத்து, முந்தானையை இடுப்பில் செருகி, மகிழ்ச்சி மறையுண்மைகளைத் தொடங்கினேன்: மாதா, இயேசு வாழ்க்கையின் ஐந்து நிகழ்ச்சிகள், ஒவ்வொன்றுக்கும் பத்து மணி. முதல் பத்து மணி நன்றாகவே போனது. இரண்டாவது மறையுண்மையில், மரியா தன் உறவுக்காரி எலிசபெத்தைப் பார்க்கப் போகிற இடத்தில், முதுகில் தொப்பென்று ஒரு பாரம். "ஆனை! ஆனை, போ!"

வீட்டில் தினமும் நான்தான் ஆனை. அவனுக்கு என்ன தெரியும்?

இவர் ஓடிவந்து தூக்கப் பார்த்தார். அவன் என் கொண்டையைப் பிடித்துக்கொண்டு அலறினான். பக்கத்தில் நடந்து வந்த ஒரு பாட்டி, "விடும்மா, அவனும் வேண்டிக்கிட்டு வந்திருப்பான்" என்றார். "எனக்கு முட்டி தேஞ்சுபோச்சு, நடந்துதான் வர்றேன். உன் கணக்குல எனக்கும் கொஞ்சம் சேத்துக்க." ஆனை சிரித்துக்கொண்டே நகர்ந்தது. அருள் நிறைந்த மரியே சொல்ல வாய் திறந்தால் சிரிப்புதான் வந்தது. எத்தனையாவது மணி என்பதும் போய்விட்டது.

பாதி தூரம் போயிருப்பேன், "பால்" என்றான். இவன் பால் கேட்டால் அந்த நிமிஷமே கேட்டதுதான். எழுந்தேன். முட்டியில் மணல் புள்ளி புள்ளியாகப் பதிந்திருந்தது. ஓரமாக உட்கார்ந்து, ஃபிளாஸ்க்கைத் திறந்து, பால்மாவைக் கரைத்துப் பாட்டிலைக் குலுக்கும்போது எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரே ஒரு நேர்ச்சை, அதையும் முழுசாக முடிக்க விடவில்லையே இந்தப் பிள்ளை.

அப்போது இவர் பெரியவளுக்கு மாதா குளத்துக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். நாகப்பட்டினத்துக்குப் பால் கொண்டுபோன ஒரு பையன் குளத்தோரம் ஆலமரத்தடியில் இளைப்பாறியபோது, கைக்குழந்தையோடு ஒரு அம்மா வந்து பிள்ளைக்குப் பால் கேட்டாராம். கொடுத்துவிட்டுப் போய், பால் குறைந்ததற்கு எசமானரிடம் மன்னிப்புக் கேட்டால், பானையில் பால் பொங்கி வழிகிறதாம். இதே ஊரில் நடுத்திட்டு என்ற இடத்தில் மோர் விற்ற கால் ஊனமான பையனிடமும் அந்த அம்மா பிள்ளைக்கு மோர்தான் கேட்டார் என்பார்கள். சின்ன வயசிலிருந்து எத்தனையோ தடவை கேட்ட கதை. பொங்கின பானையும் குணமான காலும்தான் நினைவில் நிற்கும். பாட்டிலும் கையுமாக உட்கார்ந்து கேட்டபோதுதான் உறைத்தது: இந்த ஊருக்கு வந்த மாதா முதலில் கேட்டது செபமும் இல்லை, கோயிலும் இல்லை. பிள்ளைக்குப் பால். அவளும் செய்ய வந்த வேலையைப் பாதியில் நிறுத்திவிட்டு வந்தவளோ என்னவோ.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, பாட்டில் காலியாகும்வரை அசையாமல் இருந்தேன். அதுதான் அன்றைக்கு நான் செபித்த ஒழுங்கான செபம் என்று நினைக்கிறேன்.

நான் எழுந்த இடத்தில் பெரியவள் விரலால் மணலில் ஒரு சிலுவை கீறி அடையாளம் வைத்திருந்தாள். திரும்பிப் போனால், பின்னால் முட்டி போட்டு வந்தவர்கள் அதை அழித்துவிட்டிருந்தார்கள். "இங்கதான்" என்றாள் அவள். "இல்ல, அங்க" என்றார் இவர். கடன் பாக்கி நிற்கக்கூடாது என்று இருவர் சொன்னதற்கும் நாலு முழம் பின்னால் போய் முட்டி போட்டேன். ஆனைக்காரன் இந்தமுறை பால் குடித்த மயக்கத்தில் அப்பா தோளில் தூங்கிவிட்டான். முதுகு வெறிச்சென்று இருந்தது.

திரும்பும்போது பஸ்ஸில்தான் ஐந்தாவது மறையுண்மைக்கு வந்தேன்: காணாமற்போன இயேசுவை ஆலயத்தில் கண்டடைந்தது. மூன்று நாள் தேடிக் கண்டுபிடித்த மகனிடம் மாதா கேட்டதை லூக்கா தன் நற்செய்தியில் எழுதி வைத்திருக்கிறார்: "மகனே, ஏன் இப்படிச் செய்தாய்?" ஒரு நாளைக்குச் செபமாலையின் 53 மணியும் உருட்டுகிற அளவுக்கு நான் சொல்கிற வசனம் அது. மடியில் கிடந்தவனின் கால்சட்டை மடிப்பிலிருந்து மணல் கொட்டிக்கொண்டே இருந்தது.

அந்தப் பத்து மணியையாவது முடித்தேன் என்றுதான் நினைத்தேன். மூன்றாவது மணியிலேயே குறட்டை விட்டதாகப் பெரியவள் சொல்கிறாள்.