நீட் மாதிரித் தேர்வு: மதிப்பெண் பார்த்ததும் மூடிவைக்காதீர்கள்

180 நிமிடம், 180 கேள்வி. உயிரியல் 90-ஐ 50 நிமிடத்துக்குள் முடித்தால்தான் இயற்பியல் கணக்குகளுக்கு நேரம் மிஞ்சும். ஓஎம்ஆர் விடைத்தாளில் வட்டம் நிரப்புவதும் இதற்குள்தான்.

தவறிய ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் காரணம் எழுதுங்கள்: பாடம் தெரியவில்லையா, கணக்கில் சறுக்கலா, 'தவறான கூற்று எது' என்பதைச் 'சரியான' என்று படித்தீர்களா? விளக்கத்தைப் படிக்கும் முன், கடிகாரம் இல்லாமல் மறுபடி போடுங்கள். அப்போது சரியாக வந்தால், பாடம் தெரிந்திருக்கிறது, அவசரம்தான் கெடுத்திருக்கிறது. நான்கு நாள் கழித்து அதே கேள்வியை 90 விநாடிக்குள் போட்டுப் பாருங்கள்.

சரியாகப் போட்டும் மூன்று நிமிடம் தின்ற கேள்விகளையும் குறித்துவையுங்கள். பலரும் கோட்டை விடுவது இங்கேதான்.

மாதிரித் தேர்வைப் பிற்பகல் 2 மணிக்கே எழுதுங்கள். உண்மைத் தேர்வும் அப்போதுதான். சேலத்து மே வெயிலில், சாப்பிட்ட மயக்கத்தோடு.