தம்பி சிறைக்குப் போகாமல் சமூக வேலைக்குப் போன கதை

என் தம்பிக்கு இரண்டாவது முறையாகக் கசிப்பு (கள்ளச்சாராய) வழக்கு வந்தபோது வீட்டில் அடகு வைக்க ஒன்றும் மிச்சமில்லை. முதல் வழக்கின் தண்டப்பணத்துக்கே என் சங்கிலி போய்விட்டது. தம்பி காய்ச்சுகிறவன் இல்லை. குடிக்கிறவன், குடிக்கக் காசில்லாதபோது இன்னொருவருடைய போத்தல்களைக் கொண்டுபோய்க் கொடுக்கிறவன். பிடிபடுவது இவனைப் போன்றவர்கள்தான். காய்ச்சுகிறவர் மேல்மாடி கட்டிக்கொண்டிருக்கிறார்.

பிணைக்கு ஆள் சரிவரும்வரை அவன் விளக்கமறியலில் இருந்தான். அங்கே குடி திடீரென்று நின்றதில் கை நடுங்கி, தூக்கம் போய், சுவரில் பூச்சி ஊர்வதாகச் சொல்லத் தொடங்கிவிட்டான். பார்க்கப் போன அம்மா, யாரோ செய்வினை செய்துவிட்டார்கள் என்று நினைத்து நூல் கட்ட ஓடினா. வருடக்கணக்காகத் தினமும் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்தினால் இப்படித்தான் வரும், வலிப்புகூட வரலாம், உயிருக்கே ஆபத்து என்று பின்னால் ஒரு வைத்தியர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். வீட்டில் யாராவது குடியை விடப் போகிறேன் என்றால் முதலில் வைத்தியரிடம் கூட்டிப் போங்கள். பெருங்குடிகாரனைப் பிடித்து அறைக்குள் பூட்டிவைக்கிற வேலை வேண்டாம்.

சமூக வேலை என்ற வழி எனக்குத் தெரியவந்தது நீதிமன்ற வளவில்தான். வழக்குத் தவணைக்குக் காத்திருந்தபோது பக்கத்தில் இருந்த ஒரு பெண், “அழாதகா, சமூக வேலைக்குக் கேட்டுப் பாருங்க. எங்கட அவருக்கு அப்படித்தான் போட்டாங்க” என்றார். எங்கள் சட்டத்தரணியிடம் கேட்டேன். “கேட்கலாம்தான்” என்றார். அப்படியானால் ஏன் நீங்களாகச் சொல்லவில்லை என்று வாய்வரை வந்தது. அவருக்கு அது தினமும் கையில் வரும் பத்துப் பதினைந்து வழக்குகளில் ஒன்று. குற்றத்தை ஒப்புக்கொள், தண்டப்பணத்தைக் கட்டு, வீட்டுக்குப் போ என்பதுதான் வழக்கமான பாதை. கட்ட முடியாதவன் அந்தக் காசுக்குப் பதிலாக உள்ளே போவான். இலங்கைச் சிறைகளுக்குத் தண்டனைக் கைதிகளாகப் போகிறவர்களில் பெருந்தொகையானோர் இப்படித் தண்டப்பணம் கட்ட முடியாதவர்கள்தான்.

1999ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. சிறு குற்றங்களில் சிறைத்தண்டனைக்குப் பதிலாக, ஆளை ஊரிலேயே வைத்துச் சம்பளமில்லாத பொது வேலை, ஆலோசனை, போதைக்குச் சிகிச்சை, தொழிற்பயிற்சி என்று நீதிமன்றம் கட்டளையிடலாம். இதைப் பார்த்துக்கொள்வது சமுதாயஞ்சார் சீர்திருத்தத் திணைக்களம். அந்தப் பெயரைச் சொன்னால் எங்கள் பக்கம் யாருக்கும் விளங்காது. சமூக வேலை என்றால் விளங்கும்.

தம்பி குற்றத்தை ஒப்புக்கொண்டான். சட்டத்தரணி எழும்பி, குடும்ப நிலைமையைச் சொல்லி, சமூக வேலைக்குக் கேட்டார். நீதவான் உடனே தண்டனை சொல்லாமல், அறிக்கை வரட்டும் என்று தவணை போட்டார். அந்த அறிக்கைதான் முழுக் காரியத்துக்கும் உயிர். ஆள் எப்படிப்பட்டவன், கட்டளை போட்டால் ஒழுங்காக வருவானா என்று அந்தத் திணைக்களத்தின் உத்தியோகத்தர் விசாரித்து எழுதிக் கொடுப்பார். நீதவான் அதைப் பார்த்துத்தான் முடிவெடுப்பார்.

உத்தியோகத்தர் மோட்டார் சைக்கிளில் வீட்டுக்கு வந்தார். சாரமும் சேர்ட்டும் போட்ட தம்பி, சி.ஐ.டி வந்தது போல வியர்த்துப்போய் நின்றான். அம்மா “இரிங்க மனே, இரிங்க” என்று ஓடித் திரிந்து, பக்கத்து வீட்டில் கதிரை வாங்கிவந்து போட்டு, சோடாவும் உடைத்துவிட்டா. அவர் கேட்டதெல்லாம் சாதாரணக் கேள்விகள். வீட்டில் எத்தனை பேர், யார் உழைக்கிறது, எந்த வயதில் குடிக்கத் தொடங்கினாய், காலையிலேயே குடிக்கிறாயா, முன்னர் நிறுத்திப் பார்த்தாயா. அம்மா, பிள்ளை சொக்கத்தங்கம், கூட்டாளிமார்தான் கெடுத்தது என்று ஆரம்பித்தா. நான் இடையில் புகுந்து உள்ளதைச் சொன்னேன். அம்மாவுக்கு என்மேல் கோபம். ஆனால் அவர் அடுத்த வீட்டிலும் கிராம சேவகரிடமும் விசாரித்துவிட்டுத்தான் போனார், நாங்கள் பொய் சொல்லியிருந்தால் அங்கேயே உடைந்திருக்கும். வைத்தியசாலைக்கு அனுப்ப வேண்டும் என்று அவர் அறிக்கையில் எழுதியதும், உள்ளே இருந்தபோது பூச்சி தெரிந்த கதையை நான் சொன்னதால்தான்.

அடுத்த தவணையில் கட்டளை கிடைத்தது. ஆறு மாதம், நூறு மணித்தியாலம் வேலை, குடிக்குச் சிகிச்சை. வேறு குற்றம் செய்யக்கூடாது, விலாசம் மாறினால் அறிவிக்க வேண்டும், அனுமதியில்லாமல் நாட்டைவிட்டு வெளியே போகக்கூடாது. கடைசி நிபந்தனையைக் கேட்டதும் தம்பியின் முகம் விழுந்துவிட்டது. கட்டார் போவதற்கு ஏஜென்சியில் பாஸ்போட் கொடுத்து வைத்திருந்தான்.

வேலை பெரும்பாலும் வைத்தியசாலை வளவு துப்புரவும், பாடசாலைப் பக்கம் வடிகான் துப்புரவும். மாரி தொடங்கும் நேரம், டெங்குப் பயம், வடிகான் வேலைக்குக் குறைவில்லை. வேலைப் புத்தகத்தில் மேற்பார்வையாளர் கையெழுத்து வைப்பார். முதல் கிழமை தெரிந்தவன் ஒருவன் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, “என்ன மச்சான், அரசாங்க உத்தியோகம் கிடைச்சிட்டா?” என்று கேட்டிருக்கிறான். அன்று வீட்டுக்கு வந்து இனிப் போகமாட்டேன் என்றான். “சரி, போகாட்டி மறியலுக்குப் போ, அங்க ஒருத்தரும் பகிடி பண்ணமாட்டாங்க” என்றேன். மறுபடி போனான். பிறகு இளவயதுப் பெடியன்கள் இரண்டு பேர் சேர்ந்தார்கள், கஞ்சா வழக்கு. அவர்களுக்கு மண்வெட்டி பிடிக்கக் காட்டிக் கொடுப்பது இவன் வேலையாகிவிட்டது. மேசன் கையாள் அல்லவா, அங்கே மட்டும் கொஞ்சம் பெரிய ஆள்.

உண்மையான சிக்கல் வெட்கமில்லை, கூலி. வேலைக்குப் போகும் நாளில் மேசன் வேலைக்குப் போக முடியாது, பஸ் காசும் மத்தியானச் சாப்பாடும் எங்கள் தலையில். நாட்கூலிக் குடும்பத்துக்கு அந்தக் காசு சின்னதில்லை. நான் போய் உத்தியோகத்தரிடம் கேட்டேன், மேசன் பாஸும் ஒரு கடிதம் எழுதித் தந்தார். அதன்பிறகு கொங்கிறீட் போடும் நாட்களைத் தவிர்த்து நாள் குறித்துக் கொடுத்தார்கள். கேட்காமல் இருந்திருந்தால் பாஸ் வேறு ஆளைப் பிடித்திருப்பார். கட்டளை போட்டதோடு எல்லாம் தானாக நடக்கும் என்று நினைக்க வேண்டாம், இப்படிப் பின்னால் திரிய வீட்டில் ஒரு ஆள் வேண்டும். ஆள் இல்லாதவன் என்ன செய்வான் என்பதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை.

மனநலக் கிளினிக்கில் மாத்திரை கொடுத்துப் படிப்படியாக நிறுத்த வைத்தார்கள். ஆலோசனைக்குக் கூப்பிட்ட நாட்களில் “அவங்க கேட்ட கேள்வியையே கேக்கிறாங்க” என்று அலுத்துக்கொள்வான். நடுவில் ஒரு செத்த வீட்டில் மறுபடி குடித்து, தொடர்ந்து வேலைக்கும் போகவில்லை. உத்தியோகத்தர் வீடு தேடி வந்துவிட்டார். சத்தம் போடவில்லை. நான் அறிக்கை வைத்தால் நீதிமன்றம் கட்டளையை இரத்துச் செய்து பழைய குற்றத்துக்கே தண்டனை கொடுக்கலாம் தம்பி என்று மட்டும் சொன்னார். அடுத்த நாள் இவன் விடியமுதல் எழும்பி நின்றான். ஆலோசனையும் மாத்திரையும் வேலை செய்திருக்கும், மறுக்கவில்லை. ஆனால் என் தம்பியைத் தூக்கி நிறுத்தியது, நீ வரவில்லை என்பதைக் கவனித்துத் தேடிவர ஒருவர் இருந்ததுதான் என்று நினைக்கிறேன். அந்த உத்தியோகத்தரின் தலையில் எத்தனை கோவைகள் கிடக்குமோ, எல்லா வீட்டுக்கும் அவரால் இப்படி வர முடியுமா என்பது வேறு கதை.

கட்டளை முடிந்து வழக்கும் முடிந்துவிட்டது. தம்பி குடியை முழுதாக விட்டானா என்று கேட்காதீர்கள், விட்டு வைத்திருக்கிறான் என்று சொல்லலாம். கிளினிக்குக்கு இப்போதும் போகிறான். கட்டார் கதையை மறுபடி எடுத்திருக்கிறான்.

போன மாதம் என் மச்சாளின் மகன் கஞ்சாவோடு பிடிபட்டான். சின்ன அளவுதான். மச்சாள் தண்டப்பணத்துக்குக் கடன் கேட்டு வந்தா. காசு கொடுக்க என்னிடம் இல்லை, தெரிந்ததைச் சொல்லி அனுப்பினேன்: தண்டனை சொல்வதற்கு முதலே சட்டத்தரணியிடம் சமூக வேலைக்குக் கேள், கிராம சேவகரின் கடிதமும் வேலை கொடுப்பவரின் கடிதமும் எடுத்து வை, உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்தால் மகனைச் சொக்கத்தங்கம் என்று சொல்லாதே. கடிதங்கள் எடுத்துவிட்டாவாம். வழக்கு வருகிற வியாழக்கிழமை.