அப்பாவின் குதிகால்

எங்கள் வீட்டு ஆண்கள் ஐம்பதைத் தாண்ட மாட்டார்கள் என்று சொந்தத்தில் ஒரு பேச்சு உண்டு. அப்பா 47 வயதில் செவ்வாய்பேட்டை கொலுசுப் பட்டறையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். பெரியப்பா 51. கண்ணேறு என்றார்கள், குலதெய்வக் குறை என்றார்கள். ரத்தப் பரிசோதனை என்று ஒருவரும் சொல்லவில்லை.

தம்பிக்கு 36 வயதில் ஸ்டென்ட் வைத்த பிறகுதான் நான் லேபுக்குப் போனேன். கெட்ட கொழுப்பு, அதாவது எல்.டி.எல்., 262. நானோ 58 கிலோ ஒல்லி. ரிப்போர்ட் மாறிப்போயிருக்கும் என்று வேறு லேபில் எடுத்தால் 257.

முதலில் பார்த்த டாக்டர், "எண்ணெயைக் குறைங்க, நடங்க, ஆறு மாசம் கழிச்சு வாங்க" என்று அனுப்பிவிட்டார். நானும் விடவில்லை. தட்டுவடை செட் பக்கமே திரும்பவில்லை (சேலத்துக்காரனுக்கு இது சாதாரண விஷயமா?). ஞாயிறுதோறும் அடிவாரத்தில் வண்டியைப் போட்டுவிட்டு ஏற்காடு ரோட்டில் மூன்றாவது வளைவு வரை ஏறி இறங்கினேன். ஆறு மாதம் கழித்து 231. "நெய்யும் தேங்காயுமா போட்டு வளர்த்து நானே கெடுத்துட்டேன்" என்று அம்மா அழுதார்.

இரண்டாவது டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றச் சொன்னார். குதிகாலுக்கு மேலே ஓடும் தசைநாணை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார். கயிறு போலத் தடித்து, முடிச்சு முடிச்சாக இருந்தது. அங்கே படிந்திருப்பதும் கொழுப்புதானாம். ரத்தத்திலுள்ள கெட்ட கொழுப்பைக் கல்லீரல்தான் இழுத்துக்கொள்ள வேண்டும். அதற்கான மரபணுவில் பழுது இருந்தால் பிறந்ததிலிருந்தே அந்த வேலை சரியாக நடக்காது. பத்தியம் கொஞ்சம்தான் குறைக்கும், மாத்திரை ஆயுசுக்கும் வேண்டும் என்றார்.

பக்கத்தில் இருந்த அம்மா மெல்லச் சொன்னார்: "இவங்கப்பாவுக்கும் இப்படித்தான் இருந்துச்சு. செருப்பு வார் உரசுதுன்னு அறுத்து அறுத்துத் தச்சுக்குவார்."

ரோசுவாஸ்டாடின் என்ற கொழுப்பு மாத்திரையை 20 மில்லிகிராமில் தொடங்கினேன். நன்றாகவே குறைந்தது. நடுவில், "ஈரல் போயிடும்" என்று பட்டறையில் யாரோ சொன்னதைக் கேட்டு டாக்டரிடம் கேட்காமலே இரண்டு மாதம் நிறுத்தினேன். முட்டாள்தனம், மறுபடி 240. இப்போது எசிடிமைப் என்ற இன்னொரு மாத்திரையும் சேர்த்து 82. 70-க்குக் கீழே வர வேண்டும் என்கிறார் டாக்டர்.

பிள்ளைகளுக்கு எடுத்ததுதான் கஷ்டம். ஒவ்வொரு பிள்ளைக்கும் இந்தப் பழுது வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு, காசு சுண்டுகிற மாதிரி. ஏழு வயது மகனுக்கு 96. பத்து வயது மகளுக்கு 204. குறைந்த அளவில் மாத்திரை தொடங்கியிருக்கிறோம். அம்மாதான் ராத்திரி எடுத்துக் கொடுக்கிறார்.

ஆத்தூரில் இருக்கும் பெரியப்பா மகன், "எனக்கு ஒண்ணும் இல்லடா" என்று தட்டிக் கழித்துக்கொண்டே இருந்தார். பொங்கலுக்கு வந்து வாசலில் செருப்பைக் கழற்றினார். வாங்க என்றுகூடச் சொல்லாமல் அம்மா குனிந்து அவர் குதிகாலைப் பார்த்தார். அப்புறம் என்னிடம் திரும்பி, "நாளைக்கு லேபு திறந்திருக்குமா?" என்றார்.