நாலு பருவத்தையும் பாடமாக்கி 'எஸ்' எடுத்தவன் சொல்கிறேன்

உயர்தரப் பரீட்சையில் முதல் ஷையில், அதாவது முதல் தடவை எழுதியபோது, புவியியலுக்கு எனக்கு 'எஸ்', வெறும் சாதாரண சித்தி. இலங்கையின் மழைவீழ்ச்சிக் கேள்வியை நான் ஆசைப்பட்டுத்தான் தெரிவு செய்தேன், வெளியே வந்து வெள்ளவத்தைக் கடையில் ரோல்ஸ் சாப்பிடும்போதுகூட "அது ஒன்று நிச்சயம் மச்சான்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். எழுதியது இவ்வளவுதான்: மார்ச், ஏப்ரல் முதலாம் இடைப்பருவம், மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று, ஒக்டோபர், நவம்பர் இரண்டாம் இடைப்பருவம், டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ். கேட்டதோ, வளிமண்டலச் சுற்றோட்டம் மழைப் பரம்பலை எப்படித் தீர்மானிக்கிறது என்று. அந்த 'எப்படி'க்கு என் தாளில் ஒரு வரியும் இல்லை.

பெறுபேறு வந்த வருஷம் ஜூலையில் பதுளைக்கு ஒரு நண்பன் வீட்டுக்குப் போனேன். கொழும்புக் கோட்டையில் ரயில் ஏறும்போது நல்ல வெயில். வட்டவளையை நெருங்கும்போது ஜன்னலைத் திறக்க முடியாத மழை. (அந்தப் பக்கம் வருஷத்துக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் பெய்கிறது, மன்னாரில் 1,000 மில்லிமீற்றர் வந்தாலே பெரிய விஷயம்.) ஹட்டன், நானுஓயா எல்லாம் அதே கதைதான். பட்டிப்பொலையில் எதிர்ப்பக்க மேடைகூடத் தெரியாத பனி. அதைத் தாண்டி ஒரு சுரங்கம் வரும். உள்ளே போகும்போது நனைந்த சுவெட்டரோடு நடுங்கிக்கொண்டிருந்த எனக்கு, ஒகிய பக்கம் வெளியே வந்தபோது கண் கூசியது. வெயில்! எதிரே இருந்த ஐயா பேப்பரிலிருந்து தலையைக்கூட எடுக்கவில்லை, அவருக்கு அது வழக்கம் போல.

பாடப்புத்தகத்தில் அரைப் பக்கம் இருக்கிற விஷயம் அதுதான். கடலிலிருந்து ஈரத்தோடு வரும் காற்றை மலை மேலே தள்ளுகிறது, அது குளிர்ந்து மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிடுகிறது. ஒடுங்கல் (நீராவி நீர்த்துளியாவது) தொடங்கிய பிறகு ஏறும் காற்று ஆயிரம் மீற்றருக்கு ஏறத்தாழ 6 பாகைதான் குளிரும், ஆனால் ஈரத்தை இழந்து மறுபக்கம் இறங்கும்போது அதே ஆயிரத்துக்கு 10 பாகை சூடாகும். அதனால்தான் கிழக்கே போய்ச் சேரும்போது அது உலர்ந்த அனல் காற்று. மட்டக்களப்பில் இருக்கிற மாமி போனில் "கச்சான் தொடங்கிட்டுது மகன், வெளியில தலை காட்ட ஏலாது" என்பார். கொழும்பில் வளர்ந்த எனக்குக் கச்சான் என்றால் காலிமுகத்திடலில் சுருளில் சுற்றித் தருகிற கடலை மட்டும்தான். சோளகம், வாடை, கொண்டல், கச்சான் என்று நம் ஆட்கள் காற்றுக்குத் திசை பார்த்துப் பெயர் வைத்திருக்கிறார்கள், நாம் அதை விட்டுவிட்டு அட்டவணை பாடமாக்குகிறோம்.

சரி, இரண்டாவது ஷைக்கு நான் செய்தது இதுதான். ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு வெற்று இலங்கைப் படம் கீறி இரண்டு கேள்வி கேட்டேன்: காற்று எங்கிருந்து வருகிறது, அதை மேலே தூக்குவது எது. தென்மேல் காற்றின் பூர்வீகம் தென்னரைக் கோளம். அங்கே தென்கீழ் வியாபாரக் காற்றாகப் புறப்பட்டு, வடக்கே நகர்ந்துவிட்ட அயன இடை ஒருங்கல் வலயத்தை (இரு அரைக்கோளத்து வியாபாரக் காற்றுகளும் சந்தித்து மேலெழும் பட்டியை) நோக்கி மத்திய கோட்டைக் கடக்கும்போது, பூமி சுழல்வதால் வரும் கொரியோலிசு விசையால் வலப்புறம் திரும்புகிறது. இந்த ஒரு வசனமும் அம்புக்குறியும் முதல் தடவை என்னிடம் இல்லை. வடகீழுக்கு வங்காள விரிகுடாதான் ஈரம் கொடுக்கிறது, மலை குறுக்கே நிற்பதால் ஜனவரியில் கொழும்பில் குடை தேவைப்படுவது குறைவு. ஏப்ரலில் தூக்குவது சூடு: 5ஆம் திகதியிலிருந்து நடுப்பகுதி வரை சூரியன் நேரே நம் தலைக்கு மேல், காலை முழுக்க வெந்து, கடற்காற்றும் உள்ளே வந்து, மூன்று மணிக்கு மப்புப் போட்டு இடி இடிக்கும். ஒக்டோபரில் ஒருங்கல் வலயம் தெற்கே திரும்பி வரும், வங்காள விரிகுடாத் தாழமுக்கங்களும் சேர்ந்துகொள்ளும், நாடு முழுக்க நனைவது அப்போதுதான்.

எல் நினோ, அதாவது பசுபிக்கின் நடு, கிழக்குப் பகுதிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாவது, பற்றி ஒரு எச்சரிக்கை. 'எல் நினோ என்றால் வறட்சி' என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதாதீர்கள், வகுப்பில் பாதிப் பேர் அப்படித்தான் எழுதினோம். அப்போது பசுபிக்கில் வோக்கர் சுற்றோட்டம் (மத்திய கோட்டை ஒட்டிய கிழக்கு-மேற்குக் காற்றுச் சுழற்சி) தளரும்போது இங்கே தென்மேல் மழை பெரும்பாலும் குறைகிறது, ஆனால் ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரையான மழை பெரும்பாலும் கூடுகிறது. எந்தப் பருவம் என்று சொல்லாமல் எழுதினால் விடை பாதிதான்.

அப்புறம், படத்தைக் கடைசியில் கீறலாம் என்று விடாதீர்கள். நான் முதல் பத்து நிமிடத்திலேயே நாலு படத்தையும் கீறி, அம்புக்குறிகளைப் பார்த்துப் பார்த்துத்தான் வசனம் எழுதினேன். இரண்டாவது ஷையில் 'ஏ'. பட்டிப்பொலைச் சுரங்கத்தையும் குறுக்குவெட்டு முகத்தில் ஒரு சின்ன ஓட்டையாகப் போட்டிருந்தேன், திருத்தியவர் என்ன நினைத்தாரோ.